தோற்றால் திரும்ப வாங்கலாம்

தெக்காலவலசுக்காரர்களை இதுவரை யாரும் ஏமாற்றியதில்லை. ஏமாற்ற வந்தவர்கள் பாதியிலேயே தலைவலி தாங்காமல் திரும்பிப் போயிருக்கிறார்கள். ஆட்டுச் சந்தை சதாசிவம் ஏமாற்றக்கூட வரவில்லை. யோக்கியமான மனுசன். அவருக்கும் தலைவலி வந்தது.

அந்த வருசம் சந்தையில் புதிதாகப் போக்கர் போட்டி வைத்திருந்தார் சதாசிவம். ஆளுக்கு ஒரு ஆடு கொடுத்துவிட்டு உட்கார வேண்டும். ஆட்டுக்குப் பதிலாக ஒரு குவியல் வில்லை தருவார்கள். அதை வைத்துச் சீட்டாட வேண்டியது. வில்லை தீர்ந்து போனால் இன்னொரு ஆடு கொடுத்து மறுபடி வில்லை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் முதல் ஒரு மணி நேரத்துக்குத்தான் அந்தச் சலுகை. மணி அடித்த பிறகு தோற்றவன் தோற்றவன்தான். கடைசியில் ஜெயிப்பவனுக்குப் பட்டியில் சேர்ந்த அத்தனை ஆடும் சொந்தம்.

சேதி கேட்டதும் தெக்காலவலசில் நாலு பேர் கிளம்பினார்கள். நாச்சிமுத்துதான் மூத்தவர். ஊரில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் என்பதால் அறிவாளி என்று பெயர். அங்கப்பனும் சென்னியப்பனும் அவர் எங்கே போனாலும் போகிறவர்கள். நாலாவது ஆள் பொங்கியண்ணன்.

பொங்கியண்ணனுக்கு வரவே இஷ்டமில்லை. அவனிடம் இருந்தது வெள்ளச்சி என்கிற ஒரே ஒரு வெள்ளாடு. தாய் செத்துப்போன குட்டியைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தான். அவன் மேல் அவளுக்கு உசுரா என்று தெரியாது, அவனுக்கு அவள் மேல் உசுரு. போட்டியில் தோற்றால் வெள்ளச்சி பட்டிக்குப் போய்விடுவாள். பட்டிக்கு வெளியே கறிக்கடை லாரி ஒன்று காலையிலிருந்தே நிற்கிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"பயப்படாதடா. என்ற மச்சினன் கோவாவுல இந்த ஆட்டம் ஆடற எடத்துல தண்ணி ஊத்தற வேலைல இருக்கறான். எப்படி ஆடோணும்னு எழுதி அனுப்பியிருக்கறான்" என்று நாச்சிமுத்து மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் படித்தார்.

"முதல் ஒரு மணி நேரம் தாராளமாக ஆடு."

மூவரும் தலையாட்டினார்கள்.

"தாராளமா ஆடுன்னா எத்தனைங்கண்ணா?" என்றான் அங்கப்பன்.

"ஒண்ணு தாராளமாகாது. ரெண்டு கொண்டாந்துரு."

"எனக்கு ஒண்ணுதானுங்களே" என்றான் பொங்கியண்ணன்.

"அப்ப உனக்குத் தாராளம் இல்ல. அடுத்ததக் கேளு. 'தோற்றால் கவலைப்படாதே. திரும்ப வாங்கலாம்.'"

பொங்கியண்ணன் முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓடியது. "நெசமாலுமே அப்படித்தான் எழுதியிருக்குதுங்களா?"

"இதா பாரு" என்று காட்டினார் நாச்சிமுத்து. அவனுக்குப் படிக்கத் தெரியாது. பார்த்துவிட்டு நம்பினான். தோற்றாலும் வெள்ளச்சியைத் திரும்ப வாங்கிவிடலாம் என்றால் பிறகு என்ன பயம்?

அடுத்து, "கை சரியில்லை என்றால் மடக்கிவிடு" என்று இருந்தது. அங்கப்பன் போன வாரம் தென்னை மரத்திலிருந்து விழுந்ததில் வலது கை சுளுக்கியிருந்தது. கோவாவில் இருப்பவனுக்கு அது எப்படித் தெரிந்தது என்று எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். அங்கப்பன் அப்போதே கையை மடக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டான். பொங்கியண்ணன் தன் இரண்டு கைகளையும் நீட்டி மடக்கிப் பார்த்தான். இரண்டும் நன்றாக இருந்தன. அதனால் அவன் மடக்க வேண்டியதில்லை என்று முடிவானது.

"முகத்தில் எதையும் காட்டாதே" என்பது கடைசிக்கு முந்தின வரி. சென்னியப்பன் ஒரு மஞ்சப்பையை உதறி நீட்டினான். பொங்கியண்ணன் அதைத் தலை வழியாகக் கவிழ்த்துக் கழுத்து வரை இறக்கிக்கொண்டான். பையில் ஒரு ஜவுளிக்கடைப் பெயர் இருந்தது. முகத்தில் அது மட்டும்தான் தெரிந்தது.

கடைசி வரி: "மணி அடித்ததும் இறுக்கமாக ஆடு."

"அத மணி அடிக்கறப்பப் பாத்துக்கலாம்" என்றார் நாச்சிமுத்து.

சந்தையில் ஏழு ஆடுகளை ஓட்டிக்கொண்டு நாலு பேர் வந்ததையும், அதில் ஒருவன் மஞ்சப்பைக்குள் இருந்ததையும் பார்த்தும் சதாசிவம் அசரவில்லை. சந்தை வைத்து நடத்துகிறவர், எத்தனையோ பார்த்தவர். ஆளுக்கு ஒரு ஆட்டைப் பட்டியில் அடைத்துவிட்டு, "இந்தாங்க சிப்ஸ்" என்று வில்லைகளைக் கொடுத்தார். சென்னியப்பன் ஒன்றை எடுத்துக் கடித்தான். "உப்புப் பத்தலீங்க" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டான்.

ஆட்டம் தொடங்கியது. ஆளுக்கு இரண்டு சீட்டு. நடுவில் ஐந்து சீட்டு விரிப்பார்கள். யாருடைய சீட்டு நடுவிலுள்ளதோடு நன்றாகச் சேர்கிறதோ அவருக்கு வில்லைகள் எல்லாம் சேரும். இதைச் சதாசிவம் விளக்கி முடிப்பதற்குள் நாச்சிமுத்து மற்ற மூவரையும் ஓரமாகக் கூப்பிட்டார்.

"தோத்தாத்தான் திரும்ப வாங்க முடியும்னு எழுதியிருக்குது. ஒரு மணி நேரம்தான் டைம். அப்ப நாம என்ன பண்ணோணும்?"

"வெரசாத் தோக்கோணுமுங்க" என்றான் சென்னியப்பன்.

"அதான்."

அன்று சந்தையில் யாரும் அத்தனை வேகமாகத் தோற்றதில்லை. நாச்சிமுத்து முதல் ஆட்டத்திலேயே எல்லா வில்லையையும் நடுவே தள்ளிவிட்டு, சீட்டைப் பார்க்காமலே எழுந்து நின்றார். சென்னியப்பன் இரண்டாவது ஆட்டத்தில் முடித்தான். அங்கப்பனுக்குக் கை மடங்கியிருந்ததால் வில்லையைத் தள்ள முடியவில்லை. வாயால் ஊதித் தள்ளினான். கொஞ்சம் நேரமாயிற்று, ஆனாலும் தோற்றுவிட்டான்.

மூவரும் சதாசிவத்தின் முன்னால் போய்க் கைகட்டி நின்றார்கள்.

"தோத்துட்டமுங்க. திரும்ப வாங்கோணும்."

"வாங்கலாமே. ஆடு குடுங்க."

"நாங்களும் அதைத்தானுங்க சொல்றோம். ஆடு குடுங்க."

"நீங்கதான் ஆடு குடுக்கோணும்."

"நாங்க குடுத்தாச்சுங்க. அதைத்தான் திரும்ப வாங்க வந்துருக்கறோம்."

"ஏனுங்க, ஆடு குடுத்தாத்தான் மறுபடி ஆட முடியும்."

"நீங்க ஆடு குடுத்துட்டா நாங்க எதுக்குங்க ஆடறோம்? ஊட்டுக்கு ஓட்டீட்டுப் போயிருவமே!"

சதாசிவம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பின்னால் ஆள் நின்றதால் மூவரும் கடைசியில் இரண்டாவது ஆட்டையும் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் திருப்பித் தருவார்கள்போல என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அதையும் கால் மணி நேரத்தில் தோற்று முடித்தார்கள். பொங்கியண்ணனும் தோற்றதும் நாலு பேருமாகப் போய்த் திரும்ப வாங்கலாம் என்று காத்திருந்தார்கள்.

கஷ்டம் பொங்கியண்ணனுக்குத்தான். அவனால் தோற்கவே முடியவில்லை. வெள்ளச்சியைத் திரும்ப வாங்க வேண்டுமே என்கிற தவிப்பில் ஒவ்வொரு ஆட்டத்திலும் இருக்கிற வில்லையெல்லாம் நடுவே தள்ளினான். ஒவ்வொரு முறையும் அதைவிட அதிகமாகத் திரும்பி வந்தது. தலையில் பை இருந்ததால் தன் சீட்டு என்ன என்று அவனுக்கே தெரியாது. அவன் முகத்தைப் பார்த்து எதிராளிக்கும் ஒன்றும் தெரியவில்லை. பத்து வருசம் சீட்டாடி ஊறினவர்களெல்லாம் ஜவுளிக்கடைப் பெயரையே உற்றுப் பார்த்துவிட்டுச் சீட்டைக் கீழே வைத்து விலகிக்கொண்டார்கள்.

"தோத்துட்டனாங்கண்ணா?" என்று பைக்குள்ளிருந்து கேட்பான்.

"இல்லடா" என்பார் நாச்சிமுத்து வருத்தத்தோடு.

"ஐயோ!"

அப்போது மணி அடித்தது.

"திரும்ப வாங்கற நேரம் முடிஞ்சுது" என்று சதாசிவம் அறிவித்தார். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நேரம் தவறியது தங்கள் தப்புத்தான் என்று ஒத்துக்கொண்டார்கள். ஆனால் காகிதத்தில் இன்னும் ஒரு வரி பாக்கி இருந்தது. இறுக்கமாக ஆடு. உடனே மூவரும் பட்டிக்குள் குதித்து ஆளுக்கு ஒரு ஆட்டை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டார்கள். பிடித்த ஆடுகள் கத்தின. பிடிக்காத ஆடுகளும் கத்தின.

பொங்கியண்ணனுக்குக் கத்தலில் வெள்ளச்சியின் குரல் தனியாகக் கேட்டது. பைக்குள் கண்ணீர் விட்டு அழுதான். இனி தோற்றாலும் அவளைத் திரும்ப வாங்க முடியாது. அழுதுகொண்டே எல்லா வில்லையையும் தள்ளினான். எதிரே கடைசியாக மிஞ்சியிருந்த பொள்ளாச்சிக்காரர், "ஜெயிச்சு ஜெயிச்சு அழுகற ஆளை இன்னிக்கித்தான் பாக்கறேன்" என்று தானும் வில்லையைத் தள்ளிச் சீட்டைத் திருப்பினார். அவரிடம் இரண்டு ராஜா. பொங்கியண்ணன் சீட்டை வேறு யாரோ திருப்பினார்கள். ராஜாவைவிடப் பெரிய இரண்டு ஏஸ். நடுவில் விரித்த ஐந்தும் அவருக்கு உதவவில்லை.

"பட்டி முழுக்க உங்களுது. ஓட்டீட்டுப் போங்க" என்று சதாசிவம் அவன் தலையிலிருந்த பையை உருவினார்.

பொங்கியண்ணன் கண்ணைத் துடைத்தான். "பட்டி எனக்கு எதுக்குங்க? எனக்கு வெள்ளச்சி வேணும். திரும்ப வாங்கோணும்."

"அவளும் பட்டிலதான இருக்கறா?"

"பட்டில இருந்தாப் பட்டிக்காரருதுதானுங்களே. அவருகிட்டத்தான வாங்கோணும்?"

"பட்டிக்காரரு இப்ப நீங்கதானுங்க!"

சதாசிவம் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. மூவரும் பிடித்த ஆட்டை விட்டுவிட்டுப் பட்டிக்கு வெளியே வந்தார்கள். நாலு பேரும் கூடி உட்கார்ந்து யோசித்தார்கள்.

"பட்டிக்காரரு பொங்கியண்ணன். ஆட்டை வாங்கறவனும் பொங்கியண்ணன். ஒரே பேரா இருக்கறது நல்லதுதான், பேசிச் சம்மதிக்க வெச்சுரலாம்" என்றார் நாச்சிமுத்து.

சந்தையில் விலை பேசுவதற்கு முறை இருக்கிறது. விற்கிறவர் கையும் வாங்குகிறவர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் இருக்கும். விரலைப் பிடித்து விலை சொல்வார்கள், அடுத்தவருக்குத் தெரியாது. பொங்கியண்ணன் தன் வலது கை மேலும் இடது கை மேலும் துண்டைப் போட்டுக்கொண்டான். வலது கை இரண்டு விரலைப் பிடித்தது. இடது கை உதறிக்கொண்டது. வலது கை மூன்று விரலைப் பிடித்தது. வெகுநேரம் அப்படிப் போயிற்று.

"என்னடா சொல்றாரு?"

"எறங்கவே மாட்டீங்கறாருங்கண்ணா. ஆளு நெம்பக் கறாரு."

நாச்சிமுத்து தரகுக்கு வந்தார். துண்டுக்குள் தன் கையையும் விட்டு, பட்டிக்காரரின் கையைப் பிடித்துக் கெஞ்சினார். ஒரு வழியாகப் படிந்தது. வெள்ளச்சியை வாங்குகிறவன் ஓட்டிக்கொள்ள வேண்டியது, மற்ற நாற்பது ஆட்டையும் அதற்கு ஈடாகப் பட்டிக்காரரே வைத்துக்கொள்ள வேண்டியது. இரண்டு கைகளும் குலுக்கிக்கொண்டன.

பட்டியைத் திறந்து வெள்ளச்சியை மட்டும் வெளியே விட்டு, படலைப் பத்திரமாகச் சாத்திக் கட்டினார்கள். பொங்கியண்ணன் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தான். அத்தனை சந்தோசம் அவனுக்கு. சதாசிவம் திறந்த வாயை மூடாமல் நின்றுகொண்டிருக்க, நாலு பேரும் ஒரு ஆட்டோடு ஊரைப் பார்த்து நடந்தார்கள்.

சந்தை கண்ணுக்கு மறைகிற இடத்தில் பொங்கியண்ணன் நின்று திரும்பிப் பார்த்தான்.

"பாவமுங்கண்ணா அந்தப் பட்டிக்காரரு. நாப்பது ஆட்டையும் ஒத்தையாளா எப்படி ஓட்டீட்டுப் போவாரோ!"