அறுபத்தொன்றாவது விளக்கு

முன்னொரு காலத்தில், ஆற்றங்கரை நாடொன்றை நெடுங்கோவன் என்ற அரசன் ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் அவன் மனத்தில் ஏதாவது ஒன்று புகுந்துவிட்டால், அது தானாக வெளியேறும் வரை அரண்மனையில் ஒருவருக்கும் நிம்மதி கிடையாது. அந்த வருடம் அவனைப் பிடித்தது வரிசைப் பைத்தியம்.

தீபத் திருவிழாவில் கோயில் வரை விளக்கேந்திச் செல்ல அரண்மனையில் அறுபது பெண்கள் இருந்தார்கள். அரசன் மாடத்தில் நின்றபடி, "இரண்டு வரிசை!" என்பான். முப்பது முப்பதாக நிற்பார்கள். "மூன்று!" என்றால் இருபது இருபதாக. நான்கு, ஐந்து, ஆறு என்று எதைச் சொன்னாலும் ஒருவரும் மிஞ்சாமல் வரிசைகள் சரியாக அமைந்துவிடும். அரசன் குழந்தை போலக் கைதட்டுவான்.

அந்தச் சமயத்தில்தான் கோதை வேலைக்கு வந்தாள். அவள் கணவன் ஓடக்காரன். வெள்ளத்தில் போனவன் திரும்பவில்லை. கைக்குழந்தையோடு நின்றவளுக்காக அரசனிடம் பேசி வேலை வாங்கித் தந்தவன் விகடகவி சாத்தன்.

மறுநாள் அரசன், "மூன்று!" என்றான். ஒருத்தி மிஞ்சினாள். "நான்கு!" என்றான். மறுபடியும் ஒருத்தி. ஐந்து, ஆறு என்று மாற்றிப் பார்த்தும் ஒவ்வொரு முறையும் ஒருத்தி தனியே நின்றாள். புதியவள் என்பதால் கடைசியில் நின்ற கோதைதான் அது.

சாத்தனைக் கண்டாலே எரிச்சல் கொள்ளும் பிரதானி கோட்புலியார் இதற்காகவே காத்திருந்தவர் போல முன்னால் வந்தார்.

"அரசே, கணவனை இழந்தவளை மங்கல விழாவில் சேர்த்ததன் பலன் இது. அவள் கால் பட்டதும் வரிசை குலைந்துவிட்டது. அனுப்பிவிடுவதே நல்லது."

சாத்தன் எழுந்தான்.

"மன்னிக்க வேண்டும் அரசே. அந்தப் பெண் முதல் வரிசையில் போய் நிற்கட்டும். பிறகு எண்ணிப் பாருங்கள்."

கோதை முன்னால் போனாள். இப்போது அரண்மனையிலேயே மூத்த விளக்கேந்தியான வள்ளியம்மை மிஞ்சினாள். பேரன் பேத்தி எடுத்தவள், கணவன் குத்துக்கல்லாக இருக்கிறான்.

"பாருங்கள் அரசே, குறை ஆளிடம் இல்லை, எண்ணில் இருக்கிறது. அறுபது எல்லாரோடும் ஒத்துப் போகும் எண். இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, எதால் வகுத்தாலும் மீதி வராது. அறுபத்தொன்று அப்படியில்லை. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் அதை மீதியில்லாமல் வகுக்க முடியாது."

"அப்படியானால் ஒருத்தி குறைய வேண்டியதுதானே?" என்றார் பிரதானி. "கடைசியாக வந்தவள் போகட்டும்."

அரசன் யோசித்தான். "சாத்தா, நாளை மாலை திருவிழா. கையில் விளக்கேந்தியவர் எவரானாலும் வரிசையில் நிற்க வேண்டும். எல்லா வரிசையிலும் சம எண்ணிக்கை. ஒருவரும் மிஞ்சக் கூடாது. செய்து காட்டினால் அவள் இருக்கலாம்."

"எல்லாரையும் ஒரே வரிசையாக நிறுத்திவிடலாமே, அரசே?"

"கூடாது!" என்று பாய்ந்தார் பிரதானி. "இரண்டு வரிசையாவது வேண்டும். வரிசைக்கு இரண்டு பேராவது வேண்டும். முடியாவிட்டால் அவளோடு சாத்தனும் அரண்மனையை விட்டுப் போகட்டும்."

"சம்மதம்" என்றான் சாத்தன்.

வெளியே வந்ததும் கோதை அழுதுவிட்டாள். "எதுக்கண்ணே உங்களுக்கு இந்த வம்பு? நான் எங்கயாச்சும் நாத்து நட்டுப் பொழச்சுக்கிறேன்."

"நீ போனா வரிசை சரியாயிடும். ஆனா உன்னாலதான் கெட்டுச்சுன்னு ஊரே சொல்லும். உம் புள்ள அதைக் கேட்டுக்கிட்டா வளரணும்? நாளைக்கு வா. கடைசி ஆளா நில்லு, போதும்."

மறுநாள் அந்தி. பெண்கள் விளக்கேற்றி, கோயில் தெருவின் இரு பக்கமும் நின்றார்கள். ஒரு பக்கம் முப்பத்தொரு பேர், மறுபக்கம் முப்பது. கோதைக்கு எதிரே இடம் வெறுமையாக இருந்தது.

சாத்தன் யாரையாவது ஒளித்துவைத்திருப்பானோ என்று பிரதானிக்குச் சந்தேகம். விரல் நீட்டி எண்ணிக்கொண்டே வந்தார்.

"அந்தக் கோடியில் இருட்டாக இருக்கிறது, பிரதானியாரே" என்று சாத்தன் பணிவாக ஒரு விளக்கை நீட்டினான். "இதைப் பிடித்துக்கொண்டு முகம் பார்த்து எண்ணுங்கள். பிறகு என்மேல் பழி வரக் கூடாது."

பிரதானி விளக்கை வாங்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்து எண்ணி, "அறுபத்தொன்று! தொலைந்தாய்!" என்று சொல்லும்போது கொம்பு முழங்கியது. அரசன் வந்துவிட்டான்.

பிரதானி பதறி விளக்கைக் கீழே வைக்கக் குனிந்தார். "ஐயையோ, ஐயா!" என்று வள்ளியம்மை கத்தினாள். "கையில எடுத்த விளக்கக் கோயில் வாசல் வர கீழ வைக்கக் கூடாதுங்க!"

குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். சாத்தன் அவர் தோளைப் பிடித்து மெல்ல வெறுமையாக இருந்த இடத்துக்கு நகர்த்தினான்.

"அரசே, கையில் விளக்கேந்தியவர் எவரானாலும் வரிசையில் நிற்க வேண்டும் என்பது தங்கள் ஆணை. இதோ, அறுபத்திரண்டு பேர். பக்கத்துக்கு முப்பத்தொன்று. ஒருவரும் மிஞ்சவில்லை."

பட்டு அங்கவஸ்திரமும் முறுக்கிய மீசையுமாகக் கோதைக்கு எதிரே விளக்கோடு விழித்துக்கொண்டு நின்ற பிரதானியை அரசன் பார்த்தான். முதலில் அரசனின் மீசை துடித்தது. பிறகு தெருவே அதிரச் சிரித்தான். பெண்களும் சிரித்தார்கள். கோதை மட்டும் அரசன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அரசன் அவள் முன் வந்து நின்றான். "அம்மா, உன்னை அனுப்ப நினைத்தது என் தவறு. இந்த வேலை என்றும் உனக்குத்தான். சாத்தா, உனக்கு என்ன வேண்டும்?"

"இனி யாராவது மிஞ்சினால் அவரை வெளியே அனுப்பக் கூடாது, அரசே. இன்னும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு எண்ண வேண்டும்."

அரசன் தன் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டான். "இன்னும் ஒருவர் என்றால், நானும் ஒன்று ஏந்தலாமா?"

"அறுபத்து மூன்று! மூன்று வரிசை, வரிசைக்கு இருபத்தொருவர். தாராளமாக வாருங்கள்!"

அரசன் விளக்கை வாங்கினான். ஆற்றுக் காற்றில் சுடர் படுத்தது. எத்தனை போருக்குப் போய் வந்தவனோ, ஒரு விளக்குக்குத் தடுமாறினான்.

"அம்மா, இதை அணையாமல் எப்படிக் கொண்டுபோவது?"

"இடது கையக் காத்து வர்ற பக்கமா குவிச்சுக்குங்க, அரசே" என்றாள் கோதை. "அவசரப்படாம என்கூட நடங்க."

நாடாள்பவன் அவள் பக்கத்தில் நின்று கையைக் குவித்துக்கொண்டான். சுடர் நிமிர்ந்தது. அவன் மறுபடியும் சிரித்துவிட, அது அணையப் பார்த்தது.

"சிரிக்காதீங்க, அரசே" என்று அதட்டினாள் கோதை, தானும் சிரித்துக்கொண்டே.