வாசல்படியில் ஒட்டிய கால்

"டீச்சர், உங்க வித்தையெல்லாம் இந்தக் கூடத்துக்குள்ளதான்!"

வந்ததும் வராததுமாகச் சீறினார் அருமைநாயகம்.

பாளையங்கோட்டையில் முப்பத்தோரு வருஷம் டிரில் மாஸ்டராக இருந்த மனுஷர். இப்போது பார்க்கின்சன் நோய். வலது கை அதுபாட்டுக்கு நடுங்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வார். வாசல்படியைக் கண்டால் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளுமே, அதைத்தான் தாங்க முடியவில்லை. இங்கேயும் ஆட்டோக்காரர்தான் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டுப் போனார்.

கமலவேணி பரதத்துக்கு நட்டுவாங்கம் சொல்லுகிறவர். மாஸ்டரைவிட இருபது வயது இளையவர். டாக்டர்தான் மாஸ்டரை இவருடைய கூடத்துக்கு அனுப்பினார். "தெய்யா தெய்" என்று கமலவேணி கழியால் கட்டையில் தட்டினால் போதும், மாஸ்டரின் கால் தாளத்துக்கு ஜம்மென்று எட்டு வைக்கும்.

"என்ன ஆச்சு மாஸ்டர்?"

"உங்க தாளத்தைப் போன்ல பதிஞ்சு வச்சிருந்தேம்லா? காலையில அதைப் போட்டுக்கிட்டு வீட்டு வாசலுக்கு வந்தேன். ஒரு கால் வெளியே. அந்நேரம் பார்த்து எவனோ போன் பண்ணிட்டான். தாளம் நின்னுது. நானும் நின்னுட்டேன். பத்து நிமிஷம்! தெருவே வேடிக்கை பார்த்துது."

"ம்."

"என்ன ம்? திங்கக்கிழமை சக்கர நாற்காலி வருது. மகன் சொல்லி வச்சிட்டான். அதுல ஒரு தடவை உட்கார்ந்தா அவ்வளவுதான், பெறவு எந்திரிக்க மாட்டேன். எனக்குப் பயமா இருக்கு டீச்சர். தாளம் நின்னா எப்படி நடக்கிறது? அதைச் சொல்லுங்க!"

கமலவேணி கழியைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு உட்கார்ந்தார்.

மாஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போது வாசல் பக்கம் ஒரு விசும்பல். மைதீன் பாத்து. அந்த அம்மாவுக்கும் இதே நோய். பயிற்சி முடிந்து கிளம்பியவர், படிக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார். வெளியே ஆட்டோவில் மகள் காத்திருந்தாள்.

"எனக்குத் தொண்டை கட்டியிருக்கு. நீங்க சொல்லி அனுப்புங்க மாஸ்டர்" என்றார் கமலவேணி.

"நானா? நல்லா இருக்கே கதை! எனக்கு உங்க சொல்லு ஒண்ணும் தெரியாதே."

"தெரிஞ்சதைச் சொல்லுங்க."

பாத்து அழுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. மாஸ்டர் தத்தித் தத்திப் பக்கத்தில் போனார்.

"அழாதீங்கம்மா. என் குரலை மட்டும் கேளுங்க. லெஃப்ட்! ரைட்! லெஃப்ட்! என்ன கூனிக்கிட்டு? நெஞ்சை நிமித்துங்க! முழங்காலைத் தூக்குங்க! ரைட்!"

தெருமுனை வரை கேட்கும் குரல். அழுதுகொண்டே பாத்து சிரித்துவிட்டார். கால் கிளம்பியது.

"விடாதீங்க! லெஃப்ட்! ரைட்!"

கூடவே போய்க் கத்தினார். பாத்து ஆட்டோவில் ஏறிக்கொண்டார்.

"வாரேன் மாஸ்டர். நல்லா இருப்பீங்க."

ஆட்டோ போயிற்று. தலையில் வெயில் சுள்ளென்று அடித்தது. அருமைநாயகம் சுற்றுமுற்றும் பார்த்தார். தெருவில் நின்றுகொண்டிருந்தார். படி அவருக்குப் பின்னால் இருந்தது.

"டீச்சர்! நான் எப்படி வெளியே வந்தேன்?"

கமலவேணி உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"உள்ள வாங்க மாஸ்டர், சொல்லுதேன்."

மாஸ்டர் படியைப் பார்த்தார். தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை. கழிச் சத்தமும் இல்லை.

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"லெஃப்ட்!"