ஓணான்பாளையத்தில் எல்லாரும் சமம்

ஓணான்பாளையம் எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். சொன்னால் போய்ப் பார்ப்பீர்கள். போனால் அந்த ஊர்க்காரர்கள் உங்களுக்குத் திரும்பும் வழி சொல்வார்கள். அப்புறம் வீடு வந்து சேரமாட்டீர்கள்.

அந்த ஊராட்சிக்குத் தலைவர் வெள்ளியங்கிரி. துணைத்தலைவர் நாச்சிமுத்து. வார்டு உறுப்பினர் பட்டீஸ்வரன். இன்னும் சில உறுப்பினர்கள் உண்டு. அவர்கள் போண்டா வரும் நேரத்துக்குத்தான் வருவார்கள், விடுங்கள். இந்த மூவரும் நல்லவர்கள். கெட்டவர்களாக இருந்திருந்தால் சேதம் குறைந்திருக்கும்.

அதே ஊரில் அங்காத்தாள். இளம்பிள்ளை வாதத்தில் சின்ன வயதிலேயே கால் இரண்டும் போயிற்று. கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில் போய்வருவாள். இட்லி மாவு அரைத்து விற்றுப் பிழைப்பு. வீடு ஊரின் உச்சி மேட்டில். குழாய் பள்ளத்தில். குடத்தை மடியில் வைத்துக்கொண்டு மேடேறினால் பாதித் தண்ணீர் சேலைக்கு, மீதி சாலைக்கு. தண்ணீர் இல்லாத நாளில் மாவு இல்லை. மாவு இல்லாத நாளில் அவளுக்குச் சோறு இல்லை.

மேட்டுக்கு ஒரு குழாய் கேட்க ஊராட்சி மன்றத்துக்குப் போனாள். கட்டடத்துக்கு உயரமான படிகள். வண்டி ஏறாது. கீழே நின்று கூப்பிட்டாள்.

"உள்ள வந்து சொல்லணும் அம்மிணி. வெளிய நின்னு சொன்னா அது வெறும் பேச்சு," என்றார் தலைவர்.

"ஏற முடியலைங்களேண்ணா."

"அப்ப ஏற முடிஞ்சப்பறம் வா."

அங்காத்தாள் ஒன்றிய அலுவலகத்துக்குப் போன் போட்டாள். அதிகாரி ஜீப்பில் வந்தார். இறங்கக்கூட இல்லை. உட்கார்ந்தபடியே சொன்னார்:

"இந்த ஆபீசுக்குள்ள எல்லாரும் ஒரே மாதிரி வரணும். ஒருத்தருக்கு ஒரு விதம், இன்னொருத்தருக்கு வேற விதம்னு இருக்கக் கூடாது. நீங்க உள்ள என்ன பண்றீங்கன்னு ஜனங்களுக்குத் தெரியணும். அவங்க கேள்வி கேட்டா நின்ன இடத்துலயே பதில் சொல்லணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க," என்றார்கள் மூவரும்.

ஜீப் போய்விட்டது. அந்த அதிகாரி போகாமல் அங்கேயே பாய் போட்டுப் படுத்திருக்க வேண்டும்.

மூவரும் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"நாம நடந்து வர்றோம். அங்காத்தா வண்டில வர்றா. இது ரெண்டு விதமாப் போச்சுங்களே," என்றார் நாச்சிமுத்து.

"அவளை நடக்கச் சொல்ல முடியாதுங்க," என்றார் பட்டீஸ்வரன்.

"மனசாட்சின்னு ஒண்ணு இருக்குதல்லப்பா," என்றார் தலைவர். "நாமதான் வண்டில வரணும்."

ஊரில் அப்படி வண்டி ஒன்றே ஒன்றுதான். போய் அதை வாங்கி வந்தார்கள்.

"வண்டியக் குடுத்துட்டு நான் எப்படிண்ணா வர்றது?" என்றாள் அங்காத்தாள்.

"உனக்காகத்தான் அம்மிணி இத்தனை பாடும்."

தலைவர் வண்டியில் உட்கார்ந்தார். மற்ற இருவரும் வண்டியோடு தூக்கிப் படியேற்றி உள்ளே வைத்தார்கள். வைத்த பிறகுதான் தெரிந்தது, தூக்கியவர்கள் நடந்து உள்ளே வந்துவிட்டார்கள். செல்லாது. வெளியே போனார்கள். வண்டியைக் கீழே இறக்கி, அடுத்து நாச்சிமுத்து உட்கார்ந்தார். அவரைத் தூக்கத் தலைவர் இறங்கி வந்தார். தூக்கிக்கொண்டு நடந்து ஏறினார். அதுவும் செல்லாது. இப்படியே பொழுது சாய்ந்தது. கூட்டம் நடக்கவில்லை. மூவருக்கும் முதுகு பிடித்துக்கொண்டது. அதில் மட்டும் வித்தியாசமே இல்லை.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது அங்காத்தாள் கேட்டாள்: "என்னைத் தூக்கிட்டுப் போயிருந்தா ஒரு நிமிசத்துல முடிஞ்சிருக்குமே?"

"அது உனக்கு மட்டும் சலுகை ஆயிரும். தப்பு," என்றார் தலைவர், இடுப்பைப் பிடித்தபடி.

"சரிங்க. சாய்வா ஒரு தளம் கட்டிருங்க. நானும் ஏறலாம், நீங்களும் ஏறலாம். ஒரே மாதிரிதான?"

இது அவர்களுக்குப் பிடித்துவிட்டது. சிமெண்ட் வந்தது. கொத்தனாரை நிறுத்தி வைத்துவிட்டு மறுபடி யோசனை.

"வெளிய கட்டினா மழை பெய்யுமுங்க," என்றார் பட்டீஸ்வரன்.

"மழைகூடப் பரவாயில்ல. ஆடு ஏறும்," என்றார் நாச்சிமுத்து. "பொதுச்சொத்து. நாளைக்கு ஜனங்க நம்மளத்தான் கேப்பாங்க."

"உள்ள கட்டிப் பூட்டி வெச்சுரலாம்," என்றார் தலைவர்.

கட்டினார்கள். தலைவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தொடங்கி ஜன்னலில் போய் முட்டி நின்றது. வழவழவென்று நல்ல வேலை. அங்காத்தாளுக்கு ஆள் அனுப்பினார்கள். அவள் வந்து படிக்குக் கீழே நின்றாள்.

"எங்கண்ணா சாய்தளம்?"

"உள்ள இருக்குது. வந்து ஏறு."

அவள் படிகளை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்: "இதை மூணு பேரும் சேர்ந்து யோசிச்சீங்களா, தனித்தனியா யோசிச்சீங்களா?"

"சேர்ந்துதான்," என்றார் பட்டீஸ்வரன் பெருமையாக.

"அதான பாத்தேன். ஒருத்தரால ஆகற காரியமில்ல. உள்ள நீங்க பண்றது வெளிய நிக்கறவளுக்கு எப்படித் தெரியுமுங்க?"

சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். மூவரும் திடுக்கிட்டுப்போனார்கள். அதிகாரி சொன்னதில் ஒன்றை மறந்தே போயிருந்தார்கள். ஜனங்களுக்குத் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை? சுவர் மறைக்கிறது.

மறுநாள் சுவர்களை இடித்தார்கள். தூணும் கூரையும் மிஞ்சின. கதவு மட்டும் நிலையோடு தனியாக நின்றது. கதவை இடிக்கும்படி யாரும் சொல்லவில்லையே. தலைவர் தினமும் படியேறி, பூட்டைத் திறந்து, உள்ளே போய், நாய் வராமல் இருக்கக் கதவைச் சாத்திக்கொள்வார். நாய் பக்கவாட்டில் ஏறி வந்து அவர் காலடியில் படுத்துக்கொள்ளும். காற்றடித்தால் மேசையிலிருந்த காகிதமெல்லாம் பறந்து தெருவுக்குப் போகும்.

"ஜனங்களுக்குத் தெரிய ஆரம்பிச்சிருச்சு," என்றார் தலைவர்.

அங்காத்தாள் மறுபடி வந்தாள். சுவர் இல்லாததால் நேராகத் தலைவர் நாற்காலிக்குப் பக்கத்திலேயே வண்டியை நிறுத்தினாள். தரை அவள் கழுத்து உயரம். கையை நீட்டினால் தலைவரின் கால் கட்டைவிரலைப் பிடிக்கலாம். பிடித்தாள்.

"அண்ணா, குழாய்."

"உள்ள வந்து சொல்லணும் அம்மிணி."

"நான் ஒண்ணும் சொல்லலைங்க. கேள்வி கேக்கறேன். கேட்டா நின்ன இடத்துலயே பதில் சொல்லணும்னு அதிகாரி சொன்னாரா, இல்லியா?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சொன்னாருங்க," என்றார் நாச்சிமுத்து மெல்ல.

"அப்ப பதில் சொல்லுங்க. புதுக் குழாய் எங்க போடுவீங்க?"

"மேட்டுல..." என்று ஆரம்பித்தார் தலைவர்.

"மேட்டுல போட்டா பள்ளத்துக்காரனுக்குத் தூரமுங்க," என்றார் பட்டீஸ்வரன். "பள்ளத்துல இருக்கறது மேட்டுக்காரிக்குத் தூரம்."

"எல்லா வீட்டுக்கும் சமதூரத்துல போடறோம்," என்று முடித்தார் தலைவர். அங்காத்தாள் கட்டைவிரலை விட்டுவிட்டாள்.

ஓணான்பாளையத்து வீடுகள் குளத்தைச் சுற்றி இருப்பவை. கயிறு போட்டு அளந்தார்கள். எல்லா வீட்டுக்கும் சமமான இடம் குளத்தின் நட்டநடுவில் வந்தது. ஐப்பசி மாதம், குளம் தளும்பி நின்றது.

"தண்ணிக்குள்ள குழாய் போட்டா நனையுமேங்க?" என்றார் பட்டீஸ்வரன்.

"நனையாத குழாயை எங்கப்பா பார்த்தே?" என்றார் தலைவர்.

கூட்டுக் குடிநீர் மெயினிலிருந்து பைப் இழுத்து, குளத்து நடுவில் குழாய் நட்டார்கள். தலைவர் மாலையோடு நீந்திப்போய்த் திறந்துவைத்தார். கரையில் கைதட்டினார்கள். மூடப்போனார்.

"மூடாதீங்க," என்று கரையிலிருந்து கத்தினார் நாச்சிமுத்து. "இப்ப வந்தவனுக்குத் தண்ணி உண்டு, அப்பறமா வர்றவனுக்கு இல்லைன்னு ஆயிரும்."

நியாயம்தான். குழாய்த் திருகைக் கழற்றிக் குளத்தில் போட்டுவிட்டு வந்தார்.

குழாய் இரவும் பகலும் கொட்டியது. மேலே மழையும் கொட்டியது. குளம் கரை தாண்டித் தெருவுக்கு வந்தது. தெரு நிரம்பி வீடுகளுக்குள் வந்தது. ஊர்க்காரர்கள் கோபிக்கவில்லை. தெருமுனையில் தண்ணீர் கேட்டோம், அடுப்படிக்கே கொண்டுவந்துவிட்டார்கள் என்று தலைவருக்கு மாலை போட்டார்கள்.

அதிகாரி போனில் கேட்டார்: "எல்லா வீட்டுக்கும் தண்ணி போகுதா?"

தலைவர் கட்டில்மேல் உட்கார்ந்திருந்தார். கட்டில் லேசாக மிதந்தது. "போகுதுங்க. அளந்து பார்த்துட்டோம். வீட்டுக்கு வீடு முழங்கால் வரைக்கும்."

போனை வைத்ததும் பட்டீஸ்வரன் தலையைச் சொறிந்தார். "ஒரு வீடு விட்டுப்போச்சுங்க. அங்காத்தா வீடு. மேட்டுல இருக்கறதால சொட்டுத் தண்ணி ஏறலை."

மூவருக்கும் முகம் செத்துப்போயிற்று. முதலில் கேட்டவளே அவள்தான். ஆளுக்கொரு குடத்தை எடுத்தார்கள். அவரவர் வீட்டு நடையில் தண்ணீரை மொண்டார்கள். மேடேறிப் போனார்கள்.

அங்காத்தாள் வாசலை மறித்து வண்டியை நிறுத்தினாள். "என்னங்கண்ணா இது?"

"உன் வீட்டுக்குள்ள ஊத்தோணும் அம்மிணி. முழங்கால் வரைக்கும்."

அவள் குடங்களுக்குள் எட்டிப் பார்த்தாள். சேறு. ஒரு தவளை. யோசித்துவிட்டுச் சொன்னாள்:

"ஊருக்கெல்லாம் குழாய்த் தண்ணி வந்துச்சு. எனக்கு மட்டும் கலங்கல் தண்ணியா? இது ஒரே மாதிரியாண்ணா?"

"இல்லதான்," என்றார் தலைவர், தலை குனிந்து.

"குழாயில புடிச்சுட்டு வாங்க. தரைல ஊத்தாதீங்க, மண்ணுல போயிரும். உள்ள அண்டா இருக்குது. அது நிரம்பி வழிஞ்சா தானா முழங்காலுக்கு வந்துரும்."

மூவரும் போய் நீந்திக் குடம் குடமாகப் பிடித்துவந்து ஊற்றினார்கள். சாயங்காலம் அண்டா முக்கால்வாசி நிறைந்தது. நாளைக்கு வழிந்துவிடும் என்று நிம்மதியாகப் போனார்கள்.

விடிந்து வந்து பார்த்தால் அண்டா அடி தெரிந்தது. மறுபடி ஊற்றினார்கள். மறுநாளும் அதே கதை. தலைவர் தரையைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்து கிடந்தது.

"அண்டாவுல எங்கயோ ஓட்டைங்க," என்றார் பட்டீஸ்வரன்.

"தேடுங்கண்ணா. தேடறதுக்கு முன்னாடி ஒரு வாய் சாப்புடுங்க," என்று அங்காத்தாள் தட்டு நிறைய இட்லி வைத்தாள். சுடச்சுட, தேங்காய்ச் சட்னியோடு. பானையில் மாவு பொங்கி நின்றது.

மூவரும் தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அண்டாவைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். தட்டிப் பார்த்தார்கள். காதை வைத்துக் கேட்டார்கள். நாச்சிமுத்து உள்ளேயே இறங்கிப் பார்த்தார். ஓட்டை அகப்படவில்லை.

"இட்லி மெத்துனு இருக்குது அம்மிணி, இன்னும் ரெண்டு வை," என்றார் தலைவர், கையை நீட்டி. "இத்தனை தண்ணி எந்தப் பக்கமாப் போகுதுங்கறதுதான் தெரிய மாட்டேங்குது."