குடியாட்சிக்கு எல்லைக் காவல்

நீலவரை நாட்டு ராஜா வீரசேகர மாறனுக்கு மூன்று நாளாகத் தூக்கமே இல்லை. மிளகு வாங்க வந்த கப்பல்காரன் ஒருவன், "எங்கள் சீமையில் ஜனங்களைக் கேட்டுத்தான் ராஜா நடக்கிறார்" என்று சொல்லிவிட்டுப் போனதுதான் காரணம்.

"அந்தக் குடியாட்சி நோய் இங்கே நுழையவே கூடாது!" என்றார் ராஜா.

பிரதானி தாண்டவமூர்த்திக்குக் கொண்டாட்டம். "எல்லை நெடுகக் காவல் போடுவோம், மகாராஜா. செலவுக்குக் கிணற்றுக்குக் கிணறு வரி. யாரையும் கேட்பானேன்? ஓலைகூட எழுதிவிட்டேன்."

சபைப் புலவர் குழைக்காதருக்கு வாய் சும்மா இருக்குமா? "அது எந்த வழியாக வரும் என்றே தெரியாமல் எங்கே காவல் போடுவது?" என்று கேட்டுவிட்டார்.

"நீரே கண்டுபிடியும்! பத்து நாளில் விடை வராவிட்டால் நாட்டைவிட்டு நடையைக் கட்டும்!" என்று சீறினார் ராஜா.

பிரதானி மீசைக்குள் சிரித்தார். குழைக்காதர் துறைமுகத்துக்கு ஓடினார். பல கண்டங்களிலிருந்தும் வந்திறங்கிய மாலுமிகளுக்குக் கள் வாங்கிக் கொடுத்து வாயைக் கிளறினார். பத்தாம் நாள் தொண்டை கட்டிப்போய்ச் சபைக்கு வந்தார்.

"ஐரோப்பாவில் எப்படி வந்தது?" என்றார் ராஜா.

"சொட்டுச் சொட்டாக. பாட்டன் ராஜா ஜமீன்களைக் கேட்டார், பேரன் வியாபாரிகளைக் கேட்டார். அப்படியே பல நூறு வருஷம்."

"அமெரிக்காவில்?"

"ஒரே உலுக்கு! கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த ராஜாவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சட்டத்தைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள்."

"ஆப்பிரிக்காவில்?"

"சில ஊர்களில், மரத்தடியில் கடைசி ஆள் பேசி முடிக்கும்வரை தலைவர் எழுந்திருக்கக் கூடாதாம்."

ராஜா தம் இடுப்பைத் தடவிக்கொண்டார். "நல்லவேளை, நம் ஆசியாவில் இதெல்லாம் இல்லை."

"ஏன் இல்லை? குடத்தில் ஓலை போட்டு ஊர்ச்சபைக்கு ஆள் எடுத்தவர்கள்தானே நம் முன்னோர்?"

"ஐயோ! அப்படியானால் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டதா?"

"மண்ணுக்கு மண் வேறு மாதிரி வளருகிறது, மகாராஜா. ஆனால் ஜனங்கள் முதலில் எப்போது கொதித்தார்கள் என்று கேட்டேன். ஆளுக்கொரு கதை சொன்ன மாலுமிகள், இதற்கு மட்டும் ஏறக்குறைய ஒரே பதில் சொன்னார்கள்."

"என்ன பதில்?"

"கேட்காமல் வரி போட்டபோது!"

வரி ஓலையைப் பிடித்திருந்த பிரதானியின் கை மெல்ல முதுகுக்குப் பின்னால் போயிற்று.

"அப்படியானால் காவலை எங்கேதான் போடச் சொல்கிறீர்?"

"எல்லைக்கு ஒருவரும் வேண்டாம், மகாராஜா. பிரதானியின் எழுத்தாணிக்கு இரண்டு பேரைப் போட்டால் போதும்!"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவி மடியில் விழுந்தது. வரி ஓலையை வாங்கி இரண்டாகக் கிழித்தார். தம் தோளில் இருந்த பட்டுச் சால்வையை எடுத்துக் குழைக்காதருக்குப் போர்த்தினார்.