சின்னமனூர் பைபாஸ்

குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சீடருக்கு அறுபத்தைந்து.

குரு பர்வீன், திண்டுக்கல்லில் பைக் பயணக் குழு நடத்துகிறவர். சீடர் சவரிராஜ், ஓய்வுபெற்ற தபால்காரர். கணினியைக் கண்டால் பத்தடி தள்ளி நிற்கிற மனிதர், போகும் வழியை அதில் வரைந்து ஜிபிஎஸ் கருவியில் ஏற்றக் கற்றுக்கொடு என்று ஒரு வாரமாகப் பர்வீனைப் படுத்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

காரணம் இருந்தது. எண்பத்தேழில், கல்யாணமான புதிதில், மனைவி ஸ்டெல்லாவை பைக்கில் பின்னால் வைத்துக்கொண்டு தேக்கடி வரை போனார். ஸ்டெல்லா இறந்து ஒரு வருடம் ஆகிறது. அடுத்த மாதம் அவருக்கு மூட்டு ஆபரேஷன். அப்புறம் பைக்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் அதே ரோட்டில் ஒருமுறை போய்விட வேண்டும்.

முதல் நாள், சவரிராஜ் வரைபடத்தில் புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் மட்டும் புள்ளி வைத்தார். கணினி ஊர்களையெல்லாம் ஒதுக்கி பைபாஸிலேயே கோடு போட்டது.

"நாங்க போன ரோடு இது இல்லம்மா."

"எது சீக்கிரமோ அதுலதான் அது போகும். நீங்க எங்கெங்க நின்னீங்க, சொல்லுங்க."

வத்தலக்குண்டில் டீ. பெரியகுளத்தில் மாம்பழம், ஸ்டெல்லாவின் புடவையெல்லாம் சாறு. வீரபாண்டி ஆற்றில் கால் நனைத்தது. உத்தமபாளையத்தில் பஞ்சர். கம்பத்தில் திராட்சை. சொல்லச் சொல்ல அவருக்கு வயது குறைந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு இடத்திலும் புள்ளி வைத்தார். கோடு ஒவ்வொரு ஊருக்குள்ளும் நுழைந்து வெளியே வந்தது.

கடைசி நாள் கருவியில் ஏற்றிப் பார்த்தார்கள்.

"சின்னமனூர் விட்டுப்போச்சு சார். அங்க மட்டும் பைபாஸ்ல போகுது."

"பரவாயில்லம்மா. பைபாஸ் ரோடு நல்லாத்தான் இருக்கும்."

பர்வீன் டீ போட எழுந்தார். பால் பொங்குவதற்குள் சவரிராஜுக்குப் பொறுக்கவில்லை.

"அங்கயும் நின்னோம். அவ அம்மாவுக்கு ஒரு போன் பண்ணணும்னு சொன்னா. அம்மா நெனப்புன்னா எதுக்கு என்கூட வந்தேன்னு கேட்டுட்டேன். எறங்கிட்டா. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல ஒரு மணி நேரம் அழுதுகிட்டே நின்னா. நான் வண்டிய விட்டு எறங்கவே இல்ல."

அவர் திரையில் அந்த பைபாஸ் கோட்டை விரலால் தடவினார்.

"அப்புறம் அவளாவே வந்து ஏறிக்கிட்டா. நான் மன்னிப்புகூட கேக்கல. கடைசிவரைக்கும் கேக்கல."

பர்வீன் டீயை அவர் முன்னால் வைத்தார்.

"ஒரே ஒரு ஊர்தானேம்மா," என்றார் சவரிராஜ். "அத விட்டா, அதே ரோடுன்னு ஆகாதா?"

பர்வீன் கணினியை அவர் பக்கம் திருப்பினார். சின்னமனூர் பஸ் ஸ்டாண்ட் திரை முழுக்க விரியும்வரை வரைபடத்தைப் பெரிதாக்கினார். மவுஸை அவர் கையில் கொடுத்தார்.

"ஸ்டெல்லாம்மா எந்தப் பக்கம் நின்னாங்க சார்?"