ரோஜாவுக்கு ஒரு கடப்பாரை

தணிகாசலத்துக்கு வயிறு எரிந்தது. பக்கத்து வீட்டு எஸ்தர் டீச்சர் தோட்டத்தில் ரோஜா கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது. இவர் தோட்டத்தில் ஒரு மொட்டுக்கூட இல்லை. இரண்டு வீட்டுக்கும் தோட்டவேலை அஞ்சலைதான்.

"அங்க மட்டும் எப்படிப் பூக்குது? இந்த மாசத்துக்குள்ள இங்கேயும் பூக்கணும், இல்லேன்னா வேலைக்கு வராதே! உரமோ மருந்தோ, எது வேணும்னாலும் கேளு."

"ஒரு கடப்பாரை போதுங்கய்யா."

"வேரைக் கிளறவா?"

"மாடியை இடிக்க. டீச்சர் வீட்டைவிட ஒசரமா இருக்கணும்னு போன வருஷம் இன்னொரு மாடி ஏத்தினீங்களே, அப்போலேருந்து செடிமேல வெயிலே படலைங்க."

தணிகாசலம் அண்ணாந்து பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"அப்போ டீச்சரும் மாடி கட்டினா அவங்க ரோஜாவும் பூக்காதில்ல?"

"பூக்காதுங்க. ஆனா உங்க மாடியைவிட ஒசரமா கட்டிட்டாங்கன்னா என்ன செய்வீங்க?"