வாலைப் பிடித்துக்கொண்டு ஊர் பார்த்த பிள்ளைகள்

மூக்காயி என்று ஒரு மூஞ்சூறு இருந்தாள். செம்மண் காட்டில் ஓடுகிற ஓடையின் தாழ்ந்த கரையில், ஒரு கல்லுக்கு அடியில் வளை தோண்டிக் குடியிருந்தாள். ஓடை என்றால் எப்போதும் தண்ணீர் ஓடும் என்று நினைத்துவிடாதீர்கள். பத்து மாதம் மணல்தான் கிடக்கும்.

அவளுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் கருப்பட்டி. நடுவில் பிறந்தவள் சுண்டைக்காய். கடைக்குட்டி எள்ளு. பெயர் வைக்கும்போதே அளவையும் சேர்த்து வைத்துவிட்டாள் போலிருக்கிறது.

மூஞ்சூறுகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. வெளியே கிளம்பினால் தாய் முன்னால் போவாள். மூத்த பிள்ளை அவள் வாலைக் கவ்விக்கொள்ளும். அடுத்தது அண்ணன் வாலைக் கவ்வும். அதற்கடுத்தது அக்கா வாலைக் கவ்வும். இப்படியே ரயில் மாதிரி போவார்கள். மூஞ்சூறுக்குக் கண் பார்வை மட்டு. பிள்ளை தொலைந்து போகாமல் இருக்க இது நல்ல ஏற்பாடுதான். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. அதை வைத்துக்கொண்டு மூக்காயி அடித்த கூத்தைச் சொல்லத்தான் வந்தேன்.

தன் பிள்ளைகள் எல்லாம் தெரிந்த பிள்ளைகளாக வளர வேண்டும் என்று அவளுக்கு ஆசை. பருவம் மாறும்போதெல்லாம் காட்டைச் சுற்றிக் காட்டக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். நல்ல காரியம்தானே என்பீர்கள். கிளம்பினது நல்ல காரியம். நடந்த வேகம்தான் கெட்டது.

சித்திரையில் ஒரு நாள் வேப்ப மரத்தடிக்குக் கூட்டிப் போனாள். "வேப்பம்பூ! சித்திரையில் பூக்கும், கசக்கும். ம், நட!" என்றாள். ஆடியில் பொட்டல் பக்கம் போனார்கள். காற்று என்றாள், ஆடியில் அடிக்கும் என்றாள், நடையைக் கட்டினாள். புரட்டாசியில் தும்பிகள் கூட்டமாகப் பறந்தன. அதற்கும் அதே கதிதான். ஒரே காலையில் பதினெட்டு இடம் காட்டிவிட்டுத் திரும்பியதாக அவளே பெருமையாகச் சொல்லிக்கொண்டாள்.

பின்னால் வந்த மூன்றுக்கும் எதிரே தெரிந்தது முன்னால் போகிறவரின் வால் ஒன்றுதான். சந்தேகம் கேட்கலாம் என்றால் வாயில் வால் இருக்கிறது. வாயைத் திறந்தால் வால் நழுவும், ரயில் அறுந்துபோகும். ஆடி மாதம் சுண்டைக்காய் ஒருமுறை அப்படித்தான் திறந்துவிட்டாள். காற்று எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள அவளுக்கு ஆசை. அதற்குக் கிடைத்த திட்டு இருக்கிறதே, இரண்டு நாள் யாரும் வளைக்குள் மூச்சுவிடவில்லை.

மூக்காயியோ, என் பிள்ளைகள் வழியில் ஒரு கேள்வி கேட்காது, அவ்வளவு அடக்கம் என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள்.

எதிர்க்கரைப் புளியமரத்தில் பேச்சி என்று ஒரு அணில் இருந்தாள். அவள் வீட்டுப் பிள்ளைகளும் வெளியே போவார்கள். போனால் ஒரு எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டே காலைப் பொழுதை ஓட்டிவிடுவார்கள். அவளும் கூடவே உட்கார்ந்திருப்பாள். இதைப் பார்த்தாலே மூக்காயிக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் தாங்க முடியாமல் மூன்றையும் பேச்சிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். என்ன வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள் அக்கா என்றாள்.

பேச்சி பருவம் எத்தனை என்று கேட்டாள். இளவேனில், முதுவேனில், கார், கூதிர், முன்பனி, பின்பனி என்று மூன்றும் ஒரே குரலில் ஒப்பித்தன. மூக்காயிக்கு மூக்கு இன்னும் ஒரு அங்குலம் நீண்டது.

"ரொம்ப சந்தோஷம். ஆடிக் காத்து எப்படி இருந்துச்சு?" என்றாள் பேச்சி.

மூன்றும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. கருப்பட்டி யோசித்து, அன்றைக்கு அம்மா வால் கொஞ்சம் ஆடியது என்றான். அண்ணன் வாலில் ஒரு முடி மட்டும் நீளம் என்றாள் சுண்டைக்காய்.

"அக்கா வால் உப்புக் கரிக்கும்," என்றான் எள்ளு.

பேச்சி சிரித்த சிரிப்பில் கிளையிலிருந்து விழப் பார்த்தாள். மூக்காயிக்கு முகம் சுண்டிப்போனது. ஒழுங்கு என்றால் என்னவென்று தெரியாத வீட்டில் வந்து நின்றது என் தப்பு என்று சொல்லிவிட்டு, மூன்றையும் வாலில் கோத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள். அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

ஐப்பசி வந்தது. ஒரு காலையில் தூறல் போட்டு விட்டிருந்தது. ஈர மண்ணில் புழு மேலே வரும். கூதிர்காலம் பார்க்கக் கூட்டிப்போகும் முன்னால் பிள்ளைகளுக்கு வயிற்றுக்கு ஏதாவது கொண்டுவரலாம் என்று மூக்காயி தனியாகக் கிளம்பினாள். மணல் ஓடையைக் குறுக்கே கடந்து எதிர்க்கரைக்குப் போனாள். இரண்டு புழு தின்றிருப்பாள், மூன்றாவதற்குத் தோண்டிக்கொண்டிருந்தாள்.

"மூக்காயி! மேக்கே மழை கொட்டியிருக்கு! ஓடையில தண்ணி வருது!" என்று புளியமரத்திலிருந்து பேச்சி கத்தினாள். சண்டையெல்லாம் அந்தக் கத்தலிலேயே போய்விட்டது.

மூக்காயி ஓடி வருவதற்குள் ஓடை நுரையும் சருகுமாகப் புரண்டு ஓடியது. இறங்கினாள். தண்ணீர் அவளைத் தூக்கி, இறங்கிய கரையிலேயே போட்டது. மறுபடி இறங்கினாள். மறுபடியும் அதே கதை. எதிர்க்கரையில் வளை இருக்கிற இடம் தாழ்வு. இன்னும் ஒரு சாண் ஏறினால் தண்ணீர் உள்ளே போய்விடும். உள்ளே மூன்று பிள்ளைகள்.

வெளியே வரச் சொல்லி அவள் போட்ட கத்தலில் மூன்றும் வெளியே வந்தன. வந்தவுடன் வழக்கப்படி வரிசையில் நின்றன. எள்ளு அக்கா வாலைக் கவ்வினான். சுண்டைக்காய் அண்ணன் வாலைக் கவ்வினாள். கருப்பட்டி கவ்வ வேண்டிய வால் எதிர்க்கரையில் இருக்கிறது. பாவம், அவன் என்ன செய்வான்? சுற்றுமுற்றும் தேடினான். ஒரு வால் சும்மா ஆடிக்கொண்டிருந்தது. அது தம்பியுடைய வால். அதைக் கவ்விக்கொண்டான்.

எல்லோர் வாயிலும் ஒரு வால் இருந்ததால் எல்லோருக்கும் தைரியம் வந்தது. மூன்றும் நடக்க ஆரம்பித்தன.

மூக்காயிக்கு அவ்வளவு தூரம் கண் எட்டாது. மரத்திலிருந்த பேச்சிதான் பார்த்துச் சொன்னாள். "அடியே, உன் பிள்ளைங்க வட்டமா சுத்துதுங்கடி! வளைக்கு முன்னாலேயே சுத்துதுங்க! தண்ணி பக்கத்துல வந்துருச்சு!"

"டேய், வாலை விடுங்கடா!" என்று மூக்காயி அலறினாள்.

பிறந்ததிலிருந்து கேட்காத வார்த்தை அது. அம்மா நம்மைச் சோதிக்கிறாள் என்று நினைத்து மூன்றும் இன்னும் இறுக்கிக் கடித்தன. அவள் அழுதுகொண்டே இரண்டாவது தடவை கத்தியபோதுதான், இது சோதனை இல்லை என்று புரிந்து வாயைத் திறந்தன.

"நாய்த்துளசிப் புதருக்குப் போங்க! நுணா மரத்துல திரும்பி இலுப்பை மேட்டுக்கு ஏறுங்க!"

"நாய்த்துளசி! புரட்டாசியில் பூக்கும்! இருமலுக்கு நல்லது!" என்று மூன்றும் ஒன்றாக ஒப்பித்தன.

"சரிதான்! அது எங்கே இருக்கு?"

"தெரியலையேம்மா!" என்றன மூன்றும். அந்தப் புதர் வழியாக அவர்களை எத்தனை தடவை கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள்! அத்தனை தடவையும் அவர்களுக்குக் காட்டியது தன் வாலை மட்டும்தான் என்று அப்போது அவளுக்கு உறைத்தது. தன் மேலேயே அவளுக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. ஆனால் கோபப்பட நேரமில்லை.

"நான் சொல்லலை. நீங்க சொல்லுங்க. மூக்கைத் தூக்கி மோந்து பாருங்க. என்ன வாசனை வருது?"

மூன்றும் மூக்கைத் தூக்கின. எதிரே வால் இல்லாமல் அவர்கள் மூக்கைத் தூக்கியது அதுதான் முதல் தடவை. என்னென்னவோ வாசனைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. எதை முதலில் சொல்வது என்றே தெரியவில்லை.

"எனக்குத் தும்மல் வருதும்மா," என்றான் எள்ளு. சொல்லும்போதே தும்மினான். காரமாக ஏதோ இருக்கிறதாம், மேட்டுப் பக்கமிருந்து வருகிறதாம். அதுதான் நாய்த்துளசி என்று மூக்காயி கத்தினாள். தும்மல் எந்தப் பக்கம் கூடுகிறதோ அந்தப் பக்கம் போகச் சொன்னாள்.

மூன்றும் தும்மிக்கொண்டே போய்ப் புதருக்குள் நுழைந்தன. அதன்பிறகு மரத்திலிருந்து பார்த்த பேச்சிக்கும் ஒன்றும் தெரியவில்லை. பின்னால் தண்ணீர் வளைக்குள் இறங்குகிற சத்தம் மட்டும் எல்லோருக்கும் கேட்டது.

மூக்காயிக்கு, சீக்கிரம், சீக்கிரம் என்று நாக்கு நுனிவரை வந்தது. கடித்து விழுங்கிக்கொண்டாள். அவசரப்படுத்தினால் பயந்துபோய்த் திரும்பவும் ஒன்றின் வாலை ஒன்று கவ்விக்கொள்ளும். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பிள்ளைகள் பேசட்டும் என்று வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தாள். அது அவளுக்குத் தண்ணீரில் இறங்கியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் சுண்டைக்காயின் குரல் வந்தது. அழுகின பழம் மாதிரி நாற்றம் குடலைப் பிடுங்குகிறது என்றாள். அது நுணாப் பழம், அந்த நாற்றத்தை விட்டுவிடாதே என்று மூக்காயி சொன்னாள். நுணா மரத்தடிக்கும் வந்து சேர்ந்தார்கள்.

அங்கேதான் கருப்பட்டி நின்றுவிட்டான். வலது பக்கம் ஏதோ படபடவென்று ரெக்கை அடிக்கிறது என்றான். நெய் மாதிரி வாசனை வருகிறது, எச்சில் ஊறுகிறது என்றான். காலையிலிருந்து மூன்றும் ஒன்றும் தின்னவில்லை.

மூக்காயிக்கு உடனே புரிந்துவிட்டது. அது ஈசல். ஈசல் கிளம்புகிற இடம் கரையான் புற்று. அந்தப் புற்றுக்குள் ஒரு சாரைப்பாம்பு இருக்கிறது. மழை நாளில் அதுவும் பசியோடுதான் இருக்கும்.

போகாதே என்று சொல்லலாம். பசியோடு இருக்கிற பிள்ளை, ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிற போகாதே என்ற வார்த்தையை எவ்வளவு நேரம் கேட்கும்?

"கருப்பட்டி, அவசரப்படாதே. அந்த நெய் வாசனைக்கு அடியில இன்னொரு வாசனை இருக்கா, நல்லா மோந்து பாரு."

கருப்பட்டி மூக்கைத் தரையோடு வைத்து மோந்து பார்த்தான்.

"இருக்கும்மா," என்றான் கருப்பட்டி. குரல் இறங்கிப்போயிருந்தது. "பச்சை வெள்ளரிக்காய் மாதிரி, சில்லுனு. எனக்குப் பிடிக்கலை."

"பிடிக்கலையா? அதுதான் பாம்பு! அதுக்கு முதுகைக் காட்டிட்டு மேலே ஏறுங்கடா என் கண்ணுகளா!"

ஏறினார்கள். மண் வழுக்கியது. எள்ளு இரண்டு தடவை உருண்டு கீழே வந்தான். சுண்டைக்காய் வேரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தாள். கடைசியில் இலுப்பை மேட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது. அப்புறம் இன்னொன்று. மூன்றாவது குரல் கேட்கக் கொஞ்சம் தாமதமானது. அது தும்மிக்கொண்டிருந்ததால்தான் தாமதம். மூன்றையும் கேட்ட பிறகு மூக்காயி சேற்றிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

காட்டு ஓடைத் தண்ணீர் வந்த வேகத்திலேயே வடியும். மத்தியானத்துக்குமேல் நீந்துகிற அளவுக்கு இறங்கியது. மூக்காயி நீந்திக் கரையேறி, மேட்டுக்கு ஓடினாள்.

அம்மாவைப் பார்த்ததும் மூன்றும் வரிசையில் நிற்கவில்லை. மேலே விழுந்து புரண்டன. ஒரே நேரத்தில் பேசின. நுணாப் பழம் மேலே வழவழவென்று இருக்கிறதாம், உள்ளேதான் நாறுகிறதாம். மழை நின்ற பிறகும் மரம் தனியாக ஒரு மழை பெய்கிறதாம். மண் மேட்டில் ஒரு வாசனை, பள்ளத்தில் ஒரு வாசனையாம். மூக்காயிக்கு ஒரு வார்த்தை இடையில் போட இடம் கிடைக்கவில்லை.

அதற்குள் எள்ளு அவளை இழுத்துக்கொண்டு போய் ஒரு இலைக்கு அடியில் காட்டினான். சிவப்பாக, மெத்தென்று, குன்றிமணி அளவுக்கு ஒரு பூச்சி ஈர மண்ணில் ஊர்ந்துகொண்டிருந்தது. மூக்காயி வழக்கப்படி, "பட்டுப்பூச்சி! ஐப்பசியில்..." என்று ஆரம்பித்தாள். அதற்குமேல் என்ன சொல்வதென்று அவளுக்கு வரவில்லை. இத்தனை மழை பார்த்தும் ஒரு தடவைகூட அவள் அதன் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை.

தொட்டால் ஏன் காலை மடக்கிக்கொள்கிறது, இது எங்கே போகிறது, தின்னலாமா என்று எள்ளு அடுக்கிக்கொண்டே போனான்.

"எனக்குத் தெரியலையேடா," என்றாள் மூக்காயி. "இரு, பார்க்கலாம்."

நாலு மூக்கும் வரிசையில்லாமல் அந்தப் பூச்சியைச் சுற்றிக் குனிந்தன. பொழுது சாயும்வரை யாரும் அங்கிருந்து நகரவில்லை.

பிள்ளைகளுக்கு உலகத்தைக் காட்டக் கூட்டிப் போகிறவர்கள், பிள்ளை நிற்கிற இடத்தில் தாங்களும் நிற்கப் பழக வேண்டும்.